அப்பா அவிழ்த்த கட்டு

ரோவன் அண்ணா, முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அப்பா உயிரோடு இருக்கிறார். ஆற்றங்கரையில் பழுப்புப் பாம்பு கடித்துவிட்டது. விஷமுறிவு மருந்து ஏற்றியாகிவிட்டது. விடியும் வரை எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். இப்போது மணி இரண்டே முக்கால். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். என் சட்டையில் அப்பாவின் வாந்தி காய்ந்து ஒட்டியிருக்கிறது. அம்மா காரில் வந்துகொண்டிருக்கிறாள், வந்து சேர ஐந்தாகிவிடும்.

அம்மாவிடம் பாம்பு கடித்தது என்று மட்டும் சொன்னேன். நடந்ததை உன்னிடம்தான் சொல்ல முடியும். நீ ஒருத்தன்தான் அவரோடு நடந்திருக்கிறாய், அவரை விட்டு நடந்தும் போயிருக்கிறாய்.

நீண்ட வாரக் கடைசி என்பதால் அப்பா மூன்று நாள் நடைக்குத் திட்டம் போட்டிருந்தார். சனிக்கிழமை காலை மலை முதுகில் காரை நிறுத்திவிட்டு மூரன் ஆற்றுக்கு இறங்குவது, ஞாயிறு ஆற்றோடு நடப்பது, திங்கள் வேறு ஒரு முகடு வழியாக ஏறி வெளியே வருவது. நாங்கள் இரண்டு பேர் மட்டும். கிளம்பும்போதே கேட்டேன்.

"பீக்கன் எடுத்தாச்சாப்பா?"

"எடுத்தாச்சு, எடுத்தாச்சு. தூக்கிட்டுப் போறதுக்குத்தான் அது. அமுக்கறதுக்கு இல்ல."

இதை அவர் எத்தனை பேரிடம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறார் என்று உனக்கே தெரியும். உள்ளங்கை அளவு மஞ்சள் பெட்டி. பொத்தானை அமுக்கினால் வானத்துக்குச் செய்தி போய், மீட்புக் குழுவுக்கு மணி அடிக்கும். அந்தக் குழுவில்தான் அப்பா பதினெட்டு வருடமாக இருக்கிறார். வருடாந்திர விருந்தில் உடைந்த திசைகாட்டியைப் பலகையில் ஒட்டி, அந்த வருடத்தின் மகா முட்டாளுக்கு விருது என்று கொடுப்பார்களே, அதை மேடையில் வாசிப்பதும் அவர்தான். கால் சுளுக்கியதற்கு பீக்கனை அமுக்கிய இரண்டு கல்லூரிப் பெண்களைப் பற்றி இந்த வருடம் இருபது நிமிடம் பேசினார். நானும் கைதட்டினேன்.

சனிக்கிழமை நன்றாகத்தான் போனது. அதையும் சொல்ல வேண்டும். சவுக்கு மரங்களுக்கு அடியில் மணல் திட்டில் கூடாரம் போட்டோம். அப்பா கரி பிடித்த டப்பாவில் தேநீர் போட்டார். ராத்திரி குட்டிக் கரடி மாதிரி கொழுத்த ஒரு வாம்பட் வந்து கூடாரத்துக் கயிற்றில் உரசிவிட்டுப் போனது. அப்பா உள்ளே படுத்தபடியே, "வாடகை கேக்க வந்திருக்கான், நான் இல்லன்னு சொல்லிடு" என்றார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் அப்படி இருக்கும்போது அவரோடு உலகத்தின் கடைசி வரை நடக்கலாம் என்று தோன்றும். அதனால்தான் இப்போது இவ்வளவு கோபம் வருகிறது.

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு மேல் ஆற்றின் இடது கரையில் முள்ளுச் செடி மண்டிய ஓரிடத்தைக் கடந்தோம். வெயில் ஏறிவிட்டது என்று முட்டி வரை மூடும் தடித்த கால் உறைகளைக் கழற்றி முதுகுப்பையில் வைத்துவிட்டார். அரை டிரவுசர். எனக்கு மட்டும், "நீ கழட்டாத" என்றார். விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் ஏறி நின்று அடுத்த பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். எனக்குக் காட்டு நடை பழக்கும்போது அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. அவர் ஏறவே இல்லை. அப்படியே தாண்டினார்.

"ஸ்ஸ்" என்று குனிந்து கெண்டைக்காலைத் தடவினார்.

"என்னப்பா?"

"முள்ளு."

நான் மரத்தின் இந்தப் பக்கம் நின்றிருந்தேன். காய்ந்த இலைகளுக்குள் ஒரு வால் போவதைப் பார்த்தேன். அவசரமே இல்லாமல் போனது.

"முள்ளு இல்லப்பா. பாம்பு. வாலப் பாத்தேன்."

"அரணையா இருக்கும்."

"எங்கப்பா இருக்கு ஒன்றரை மீட்டர் அரணை?"

"அளந்து பாத்தியா நீ?"

காலில் ஒரு சிவப்புப் புள்ளி, அதன் பக்கத்தில் சின்னக் கீறல். வீக்கம் இல்லை. வலிக்கவில்லை என்றார். பழுப்புப் பாம்பு கடித்தால் வலிக்காது என்று போன மாதம் ஊர் மன்றத்தில் நாற்பது பேருக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். அவர் வகுப்பு எடுக்கும்போதெல்லாம் மேஜை மேல் நீட்டிக் காட்டுகிற கால் என்னுடையது. ஆறு வருடமாக நம் ஊரில் பாதிப் பேர் என் காலில் கட்டுப் போட்டுத்தான் பழகியிருக்கிறார்கள்.

"உக்காருங்க" என்றேன்.

"மெரின், ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லன்னா உக்காந்தா என்ன கொறஞ்சிடும்? உக்காருங்க."

உட்கார்ந்தார். வலது பூட்ஸைக் கழற்றினேன். காயத்தைக் கழுவவில்லை. கடிவாயின் மேல் ஆரம்பித்து, பிறகு விரலிலிருந்து தொடை வரை எலாஸ்டிக் துணியை இழுத்து இழுத்துச் சுற்றினேன். அந்தத் துணியில் நீள்சதுரங்கள் அச்சடித்திருக்கும், சரியான அளவு இழுத்தால் அவை சதுரமாகிவிடும். ஒவ்வொன்றும் சதுரமாகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சுற்றினேன். கடிவாய் இருக்கும் இடத்தில் கட்டின் மேல் பேனாவால் குறி போட்டு நேரம் எழுதினேன். இரண்டு பதினான்கு. சவுக்குக் கிளை ஒன்றை ஒடித்து, கால் மடங்காதபடி பக்கத்தில் வைத்துக் கட்டினேன்.  கட்டு நன்றாக வந்தது.

அப்பா அதைத் தட்டிப் பார்த்தார். "பத்துக்கு ஏழு போடலாம். சரி, பூட்ஸ எடு."

"எதுக்கு?"

"நடந்து போறதுக்கு. அந்த முகட்டுல ஏறினா நாலு மணி நேரம். இருட்டறதுக்குள்ள கார். அப்புறம் நானே ஓட்டிட்டுப் போய் ஆஸ்பத்திரில காட்டிக்கறேன், போதுமா?"

நான் விளையாடுகிறார் என்று நினைத்தேன், அண்ணா. சத்தியமாக.

"கடிபட்டவன் ஒரு அடி கூட நடக்கக் கூடாதுன்னு யார் சொன்னது?"

"அது கடிபட்டவனுக்கு. இது முள்ளு."

"அப்ப எதுக்குக் கட்டுப் போட விட்டீங்க?"

"உனக்குப் பயமா இருந்துச்சு. சரி, கட்டிக்கட்டும்னு விட்டேன்."

 அவர் காலைக் காப்பாற்றுகிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அந்த ஏழெட்டு நிமிடமும் அவர் எனக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"பீக்கன அமுக்குறேன்" என்றேன்.

"தொட்டின்னா பாரு."

"ஏன்ப்பா?"

"ஏன்னா? அமுக்கினா யாருக்கு மணி அடிக்கும் தெரியுமா? நோலீனுக்கு. அவ முப்பது பேரக் கூப்பிடுவா. லீவு நாள்ல புள்ளகுட்டிய விட்டுட்டு எல்லாரும் கிளம்பி வருவாங்க. எதுக்கு? இந்த வாரிக்குக்கு முள்ளு குத்திடுச்சாம். சாகற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

நோலீன் ஆன்ட்டிதான் இப்போது குழுவின் தலைவி. அந்த இடத்துக்கு அப்பாவும் நின்றார், தோற்றார். அது போன வருடம். அதற்குப் பிறகு நீ வீட்டுக்கு வரவில்லை, அதனால் உனக்குத் தெரிந்திருக்காது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசக் கூடாது.

பூட்ஸை அவரே எட்டி எடுத்தார். கட்டுப் போட்ட பாதம் அதற்குள் நுழையவில்லை. இரண்டு முறை திணித்துப் பார்த்தார். பிறகு கத்தியால் சவுக்குக் கிளையின் கட்டை அறுத்து எறிந்துவிட்டு, எலாஸ்டிக் துணியின் முனையைத் தேடிப் பிடித்து அவிழ்க்க ஆரம்பித்தார். தொடையிலிருந்து. சாவகாசமாக, சுருட்டிக்கொண்டே.

"அப்பா, வேண்டாம்."

அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அவுத்தா மொத்தமா ஏறிடும்னு நீங்கதானே சொல்வீங்க. அப்பா."

முழங்காலைத் தாண்டி வந்துவிட்டார். "பாதத்துல மட்டும் கொஞ்சம் லூசா கட்டிக்கறேன். பூட்ஸ் போகணும்ல."

நான் பூட்ஸை எடுத்தேன். பத்தடி தூரத்தில் ஆறு. என்னால் முடிந்த அளவு வீசினேன். நடு ஆற்றில் விழுந்து, ஒரு முறை மூழ்கி எழுந்து, பாறைகளுக்கு நடுவில் வெள்ளையாகப் பாயும் இடத்தில் புகுந்து போய்விட்டது.

ஒரு நொடி ரெண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்னடி பண்ணின?"

"தூக்கிப் போட்டேன். இப்ப நட பாக்கலாம்."

"பைத்தியமா உனக்கு? காட்டுக்குள்ள மனுஷன் காலணி இல்லாம..."

"நடக்கக் கூடாதுன்னுதானே போட்டேன். நாப்பது பேருக்கு முன்னாடி என் காலப் பிடிச்சு இழுத்து இழுத்துச் சொல்லிக் குடுத்த. உனக்கு வந்தா மட்டும் முள்ளா? உக்காரு."

அவரிடம் அப்படி நான் பேசியதே இல்லை. அவர் முகம் சிவந்துபோனது. "நீயும் ரோவன் மாதிரிதான்" என்றார். "கொஞ்சம் கஷ்டம் வந்தா உக்காந்துடற ஜாதி." எழுந்தார். ஒரு காலில் பூட்ஸ், இன்னொரு காலில் பாதி அவிழ்ந்த கட்டு, வால் மாதிரி பின்னால் இழுபடும் துணி. முகட்டைப் பார்த்து நடந்தார். ஆறு அடி வைத்தார். ஏழாவது அடியில் ஏதோ சொல்ல வருகிறவர் போலத் திரும்பினார். அப்படியே மரம் சாய்கிற மாதிரி பின்பக்கமாக விழுந்தார். தலை ஆற்றுக் கல்லில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. இந்தச் சத்தத்தை ஞாபகம் வைத்துக்கொள்.

கண் மேலே போய்விட்டது. மூச்சு இருக்கிறதா என்று தெரியவில்லை. அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். வாயில் விரலை விட்டுப் பார்த்தேன். மூச்சு வந்தது, குறட்டை மாதிரி. அவருடைய பையின் மேல் மூடியிலிருந்து பீக்கனை எடுத்தேன். மரங்களுக்கு அடியில் வானம் தெரியவில்லை. வானம் தெரியாவிட்டால் அது வேலை செய்யாது. நடு ஆற்றில் ஒரு கூழாங்கல் திட்டு இருந்தது. அதுவரை போக வேண்டுமென்றால் அவரை விட்டுவிட்டுப் போக வேண்டும்.

போனேன். இடுப்பு வரை தண்ணீர். திட்டில் ஏறி, கம்பியை நீட்டி, மூடியைப் பிய்த்து அமுக்கினேன். விளக்கு விட்டுவிட்டு எரிய ஆரம்பித்தது. நாலு கல்லை அணைத்து வைத்து அதை நிறுத்திவிட்டுத் திரும்பி ஓடி வந்தேன். தண்ணீரில் ஓட முடியாது. அழுதுகொண்டே வந்தேன். அவரைத் திட்டிக்கொண்டேதான் அழுதேன். என்னென்ன வார்த்தை என்று உனக்கு எழுத மாட்டேன்.

வந்தபோது கண் திறந்திருந்தார்.

"நான் விழுந்தேனா?"

"விழுந்தீங்க. அசையாதீங்க." மறுபடி விரலிலிருந்து கட்ட ஆரம்பித்தேன். இந்த முறை சதுரமெல்லாம் பார்க்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன், குறியையும் நேரத்தையும் மட்டும் மறுபடி எழுதினேன்.

"பீக்கன் எங்க?"

"ஆத்துக்கு நடுவுல."

"அமுக்கிட்டியா?"

"ம்."

கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாக, நல்ல யோசனை சொல்வது போல, "மெரின், இங்க பாரு. இப்பப் போய் அணைச்சா கை தவறி அமுங்கிடுச்சுன்னு நெனச்சுப்பாங்க. எத்தனையோ தடவ அப்படி வந்திருக்கு. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றார்.

"மாட்டேன்."

"அணைச்சுட்டு வா. நான் படுத்தே இருக்கேன். நடக்கல. சத்தியம்."

"மாட்டேன்ப்பா."

"ப்ளீஸ்மா. நோலீன் வந்து தலமாட்டுல நிப்பா. ப்ளீஸ்."

அப்பா யாரிடமாவது ப்ளீஸ் என்று கெஞ்சி நீ கேட்டிருக்கிறாயா? பல்லுக்கு நடுவில் ரத்தம் கசிந்திருந்தது. அந்த ரத்தத்தோடு கெஞ்சுகிறார், உயிருக்காக இல்லை, நோலீன் ஆன்ட்டி பார்த்துவிடக் கூடாதே என்று. அந்த நிமிடம் அவரை அறைய வேண்டும் போலிருந்தது. பாம்பு கடித்துப் படுத்திருக்கிற அப்பாவை.

நான் போகாததால் அவரே முழங்கையை ஊன்றி ஆற்றுப் பக்கம் நகரப் பார்த்தார். நான் அவருடைய நல்ல காலின் மேல், முழங்காலுக்கு மேலே ஏறி உட்கார்ந்துவிட்டேன். என் பையையும் இழுத்து அவர் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டேன். திட்டினார். ராட்சசி என்றார். வீட்டுக்கு வா, உன்னை இனி எங்கேயும் கூட்டிப்போக மாட்டேன் என்றார். சரி, கூட்டிப்போகாதீங்க என்றேன். கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தார். துடைத்துவிட்டேன். இறங்கவில்லை.

இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒரு அட்டை என் கழுத்தில் ஏறி ரத்தம் குடித்துவிட்டு விழுந்தது. அதை எடுத்துப் போடக் கூட நகரவில்லை. அந்த நேரத்தில் உன்னை நினைத்தேன். மேட்டுக்காட்டில் குதிகாலில் ரத்தம் வர நடந்து, இனி முடியாது என்று நீ பாதையில் உட்கார்ந்தாயே, அப்பா திரும்பிப் பார்க்காமல் நடந்தாரே, அவர் பின்னால் நானும் நடந்தேனே. கொஞ்ச தூரம் போய் அவர் ஒரு ஜோக் சொன்னார். நான் சிரித்தேன். அது உனக்குக் கேட்டதா என்று இதுவரை கேட்டதில்லை.

ஐந்து மணி இருக்கும், ஹெலிகாப்டர் வந்தது. மரமெல்லாம் பேயாட்டம் ஆடியது. கயிற்றில் ஒரு பெண் இறங்கினார், ஆரஞ்சு ஹெல்மெட். கட்டை, பேனாக் குறியை, நேரத்தைப் பார்த்தார்.

"யார் கட்டினது?"

"எம்பொண்ணு" என்றார் அப்பா. குரலை எங்கிருந்தோ தேடி எடுத்துக்கொண்டுவிட்டார். "நான் சொல்லச் சொல்லக் கட்டினா. நான் மீட்புக் குழுவுல இருக்கேன்."

"அதான் பாத்தேன். பீக்கன்?"

"நான்தான் அமுக்கச் சொன்னேன்."

"நல்ல காரியம் பண்ணீங்க சார். நடந்திருந்தீங்கன்னா வழியிலயே முடிஞ்சிருக்கும். மயக்கம் வந்துச்சா? விழுந்தீங்களா, தலைல அடிகிடி?"

"இல்ல. கடிச்சதும் உக்காந்துட்டேன். அசையவே இல்ல."

"இன்னொரு பூட்ஸ்?"

"ஆத்துல நழுவிடுச்சு."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். அப்பாவும் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை மிரட்டுகிற மாதிரி இருந்திருந்தால் நான் சொல்லியிருப்பேன். அப்படி இல்லை. காட்டிக்கொடுத்துவிடாதே என்கிற மாதிரி இருந்தது. நான் தலையை ஆட்டினேன்.

அதுதான் நான் செய்த தப்பு. அதற்குப் பிறகு மருந்து ஏற்றியபோதும் வாயைத் திறக்கவில்லை, ரத்தம் எடுத்தபோதும் திறக்கவில்லை. அவர் டாக்டரிடமும் அதே கதையைச் சொன்னார், இன்னும் கொஞ்சம் மெருகேற்றி. தலை வலிக்கிறது என்றார். விஷத்துக்குத் தலை வலிக்கும் என்றார் டாக்டர். ஊசி குத்திய இடமெல்லாம் ரத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. இவ்வளவு சீக்கிரம் கட்டுப் போட்டு, அசையாமல் படுத்திருந்த ஆளுக்கு ரத்தம் இந்த அளவுக்கு உறையாமல் போனது ஆச்சரியமாக இருக்கிறது என்று டாக்டர் நர்ஸிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நோலீன் ஆன்ட்டி வந்தார். குழுவின் சிவப்பு ஜாக்கெட், கையில் எனக்கு ஒரு சீஸ் சாண்ட்விச்.

"சாப்பிடுடி. மூஞ்சியப் பாரு, சுண்டைக்காய் மாதிரி ஆயிட்ட." பக்கத்தில் உட்கார்ந்தார். "மணி அடிச்சதும் நம்பரப் பாத்தேன். வாரிக்கோட பீக்கன். என்ன நெனச்சேன் தெரியுமா? ஆள் செத்துட்டான், பொண்ணு அமுக்குறான்னு நெனச்சேன். உயிரோட இருந்தா அவன் அமுக்க விடமாட்டானே."

நான் சாண்ட்விச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆனா சரியா பண்ணியிருக்கான் மனுஷன். புத்தகத்துல இருக்கற மாதிரி. அடுத்த மாசம் புதுசா சேர்ற பசங்களுக்கு வகுப்பு இருக்குல்ல, அவனையே பேச வெக்கறேன். கடிபட்டவனே வந்து நின்னு, நான் உக்காந்தேன், அசையல, பீக்கன அமுக்கினேன்னு சொன்னா எவன் மறப்பான்?"

"அவர் அமுக்கல" என்றேன்.

"என்னது?"

"அவர் அமுக்கல. அணைக்கச் சொன்னார். கட்ட அவுத்தார்."

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. பூட்ஸ், ஆறு அடி, அவர் கால்மேல் நான் உட்கார்ந்தது, எல்லாம். சத்தமாகப் பேசியிருக்கிறேன் போல, எதிரே இருந்த ஒரு கிழவர் கேட்டுக்கொண்டிருந்தார்.  விழுந்தார் என்று சொன்ன இடத்தில் ஆன்ட்டி என் கையைப் பிடித்தார்.

"எப்படி விழுந்தான்?"

"பின்னாடியா."

"தல?"

"கல்லுல பட்டுச்சு. சத்தம் கேட்டுச்சு."

"டாக்டர் கிட்ட சொன்னியா?"

"அவர் அசையவே இல்லன்னு சொல்லிட்டார். நான்..."

ஆன்ட்டி எழுந்துவிட்டார். "ரத்தம் உறையாத ஆளுக்குத் தலைல அடிபட்டிருக்கு, சாயங்காலத்துலேருந்து தலவலிங்கறான். எந்திரி." என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். டாக்டர் முன்னால் நிறுத்தி, "சொல்லு" என்றார். சொன்னேன். டாக்டர் பாதியிலேயே திரும்பி ஸ்கேனுக்குச் சொல்லிவிட்டார்.

அப்பாவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வராந்தாவில் என்னைத் தாண்டும்போது கண்ணைத் திறந்தார். பக்கத்தில் சிவப்பு ஜாக்கெட்டில் நோலீன் ஆன்ட்டி நிற்பதைப் பார்த்தார்.

"சொல்லிட்டியா?" என்று என்னைக் கேட்டார்.

"சொல்லிட்டேன்."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மண்டைக்குள் ஒரு ஓரத்தில் கசிவு இருக்கிறதாம். சின்னதுதானாம். ரத்தம் உறைவதற்கு ஏதோ பை பையாக ஏற்றுகிறார்கள். இப்போதே தெரிந்தது நல்லதாய்ப் போயிற்று, காலை வரை விட்டிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்றார் டாக்டர். என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. தலையை ஆட்டின அந்த ஒரு ஆட்டத்தை நினைத்தால் என் கழுத்தை நானே நெரிக்கலாம் போலிருக்கிறது. அவர் மானத்தைக் காப்பாற்றப் போய் ஆளையே கொன்றிருப்பேன்.

ஆன்ட்டி இப்போதுதான் போனார். அப்பாவின் பெயரைக் குழுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடப் போகிறாராம். "நான் வந்து அவன் கிட்ட சொல்லிக்கறேன், நீ சின்னப் பொண்ணு, தூங்கு" என்றார். "வேணாம் ஆன்ட்டி, நானே சொல்றேன்" என்றேன். எப்படி அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. 

பதினெட்டு வருடம், அண்ணா. வீட்டில் நம் ரெண்டு பேர் துணியையும் விட அவருடைய அந்தச் சிவப்பு ஜாக்கெட்டை மாட்டத்தான் நல்ல கொக்கி. அதைக் கழற்றுவது நான். அவர் கண் விழிக்கும்போது பக்கத்தில் இருப்பதும் நான். அம்மா வருவதற்குள் விழித்துவிட்டால் தனியாக நான்தான்.

என்ன சொல்வார் என்று யோசித்துப் பார்த்துவிட்டேன். கத்த மாட்டார். உன்னிடம் செய்தது போலச் செய்வார். நான் அறையில் இல்லாத மாதிரி இருப்பார். சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டும் என்றால் கூட அம்மாவிடம் கேட்பார். அது ஒரு மாதமா, ரெண்டு வருடமா, தெரியாது. எனக்கு அதுதான் பயம். பாம்பைப் பார்த்தபோது கூட இவ்வளவு பயம் இல்லை.

ஆனாலும் சொல்லத்தான் போகிறேன். வலிக்கிறதா என்று கேட்டு ஆரம்பிக்க மாட்டேன். பூட்ஸை நான்தான் எறிந்தேன், பீக்கனை நான்தான் அமுக்கினேன், நீங்கள் விழுந்ததை நான்தான் சொன்னேன், நோலீன் ஆன்ட்டிக்கு எல்லாம் தெரியும் என்று வரிசையாகச் சொல்வேன். அதற்குப் பிறகு என்னோடு பேசாமல் இருக்க வேண்டுமா, இருக்கட்டும். உயிரோடு இருந்து பேசாமல் இருக்கட்டும்.